நாப்தலீன்: அதன் குணங்களும் பயன்களும்

தோற்றுவாய்

பட்டாடைகளும் கம்பளங்களும் வைக்கப்பட்டிருக்கும் பெட்டிகளில் இடப்படும் வெண்ணிற உருண்டைகளை அறியாதார் நம்முள் இலர். பாச்சை உருண்டை என்றும் அந்துருண்டை என்றும் வழங்கப்பெறும் அவை, இடப்பட்ட சின்னாட்களில் சிறுத்து, சில திங்களில் இருந்த இடமும் தெரியாமல் மறைந்தொழிகின்றன. அவற்றை எவரும் எடுத்திலர், எறும்பும் தின்றிலது, உருகி ஓடிய சுவடும் இல்லை. பெட்டியைத் திறக்குங்கால் எழும் கடுமையான மணம் ஒன்றே அவை அங்கிருந்தமைக்குச் சான்று. மறைந்த பொருள் எங்கே சென்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே.

அப்பொருளின் பெயர் நாப்தலீன். கார்பன், ஹைட்ரஜன் என்னும் இரண்டு மூலகங்களே கூடி ஆகிய வஸ்துக்களை ஹைட்ரோகார்பன்கள் என்பர். அவற்றுள்ளும் அறுகோண வளையங்கள் பல ஒன்றோடொன்று ஒட்டிப் பிறந்தவை பல்வளைய நறுமண ஹைட்ரோகார்பன்கள் எனப்படும். இவ்வினத்தில் மிகச் சிறியதும் மிக எளியதும் நாப்தலீனே. இதன் குணங்களையும், கைத்தொழில்களில் இதற்குள்ள பயன்களையும், இதனால் விளையும் தீங்குகளையும் ஈண்டு முறையே ஆராய்வோம். திடப்பொருளாய் இருந்தவாறே ஆவியாகிச் செல்லும் ஒரு குணம் இதற்கு உண்டு. அந்த ஒரு குணமே இதனைத் தூய்மை செய்யவும், நம் ஆடைகளைக் காக்கவும், சில வேளைகளில் பச்சிளங்குழவிகளின் உயிருக்கு ஊறு விளைக்கவும் காரணமாகின்றது. இதனை நேயர்கள் மனத்திற் கொண்டு மேலே படிப்பாராக.

பிறப்பிடம்

நிலக்கரியைக் காற்றுப் புகாத உலையில் இட்டு ஆயிரம் டிகிரி சென்டிகிரேடு அளவிற்குச் சூடேற்றினால் அது எரியாமல் வேறு வேறு பொருள்களாய்ப் பிரிகின்றது. எரியத்தக்க வாயு மேலே செல்லும்; கல்போன்ற கோக்குக் கரி உலையில் தங்கும்; இவற்றிற்கு இடையே கரிய நிறமும் பிசுபிசுப்பும் உடைய ஒரு குழம்பு திரளும். இதுவே நிலக்கரிக் கீல், அதாவது தார். ஒரு டன் நிலக்கரியினின்றும் ஏறத்தாழ 40 கிலோகிராம் கீல் கிடைக்கும்; அக்கீலில் சற்றேறக்குறையப் பத்தில் ஒரு பங்கு நாப்தலீனாகும். கீலில் அடங்கிய நூற்றுக்கணக்கான வஸ்துக்களுள் அளவால் முதன்மை பெற்றது இதுவே.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டன் முதலிய நகரங்களின் வீதிகளில் நிலக்கரி வாயுவைக் கொண்டு விளக்கேற்றத் தலைப்பட்டனர். அப்பொழுது கீல் ஒரு வேண்டாக் கழிவாகவே எண்ணப்பட்டது. நாப்தலீனோ அதனினும் பெருந்தொல்லை தந்தது. வாயுவோடு கலந்து ஆவியாய்ச் சென்ற நாப்தலீன், குளிர் காலத்தில் குழாய்களினுள்ளே மீண்டும் படிகமாய் உறைந்து வாயுவின் வழியை அடைத்துவிடும், விளக்குகள் அணைந்துவிடும். ஆகவே இதன் தலையாய குணத்தை உலகம் முதன்முதல் அறிந்தது பயனாக அன்று, இடையூறாகவே என்க.

1819 முதல் 1821 வரையுள்ள ஆண்டுகளில் அலெக்ஸாண்டர் கார்டன், ஆக்ஸ்போர்டில் ஆசிரியராயிருந்த ஜான் கிட் என்னும் இருவரும் கீலைக் காய்ச்சி வடித்து இவ்வெண்படிகத்தைப் பிரித்து விவரித்தனர். பண்டைக் காலத்தில் எரியெண்ணெய்க்கு வழங்கிய நாப்தா என்னும் சொல்லினின்றும் இதற்குப் பெயர் அமைத்தவர் கிட் ஆவார். 1826-இல் மைக்கேல் பாரடே இதன் இயைபை அளந்து கண்டார். ஒரு நாப்தலீன் மூலக்கூற்றில் பத்துக் கார்பன் அணுக்களும் எட்டு ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அவ்வணுக்கள் எவ்வாறு கோக்கப்பட்டுள்ளன என்பது அதன் பின்னும் நாற்பது ஆண்டுகள் விளங்காதிருந்தது. இரண்டு பென்ஸீன் வளையங்கள் ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டி நிற்கின்றன என எர்லன்மேயர் 1866-இல் ஊகித்துரைத்தார். கிரேபே என்பவர் 1869-இல் சோதனைகளால் அதனை மெய்ப்பித்தார். பொதுச்சுவர் ஒன்றால் இணைந்த இரண்டு தேன்கூட்டு அறைகளை நேயர்கள் எண்ணிக்கொள்ளின் இவ்வமைப்பு எளிதில் விளங்கும்.

எடுக்கும் முறை

கீலைக் கொதிகலங்களில் இட்டுக் காய்ச்சுங்கால் வெவ்வேறு உஷ்ணநிலைகளில் வெவ்வேறு எண்ணெய்கள் வடிகின்றன. சுமார் 180 முதல் 220 டிகிரி வரையில் வடியும் பகுதியில் நாப்தலீன் மிகுதி. அப்பகுதியைக் குளிரவிட்டால் நாப்தலீன் படிகங்களாய்ப் பிரிந்து உறையும். உறைந்ததைப் பிழிந்து எண்ணெயை நீக்கி, எரிசோடாக் கரைசலாற் கழுவினால் கார்பாலிக் அமிலம் முதலியவை அகலும். கந்தகத் திராவகத்தாற் கழுவினால் காரப் பொருள்கள் அகலும். இறுதியில் வடித்தோ பதங்கித்தோ தூய நாப்தலீனைப் பெறுவர். இந்தியாவில் பிலாய், ரூர்கேலா, பொகாரோ முதலிய இடங்களிலுள்ள எஃகாலைகளின் கோக்கு உலைகளில் இது துணைப்பொருளாகக் கிடைக்கின்றது. எனவே, இரும்பை உருக்கும் நெருப்பும் பட்டுப் புடவையைக் காக்கும் உருண்டையும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தனவாம்.

பௌதிக குணங்கள்

தூய நாப்தலீன் நிறமற்ற தகடுபோன்ற படிகங்களாய் விளங்கும். இதன் உருகுநிலை 80 டிகிரி. கொதிநிலை 218 டிகிரி. நீரில் இஃது ஏறக்குறையக் கரையாது என்றே கூறலாம்: ஒரு லிட்டர் நீரில் 30 மில்லிகிராம் அளவே கரையும். பென்ஸீன், ஈதர், சூடான சாராயம் ஆகியவற்றில் நன்கு கரையும். எண்ணெய்களிலும் கொழுப்புகளிலும் கரையும். இதனை நேயர்கள் நினைவில் வைக்கவேண்டும், பின்னர்ப் பயன்படும்.

பதங்கமாதல் என்னும் சொல் நம் சித்த வைத்திய நூல்களில் பயின்றுவரும் பழஞ்சொல். திடப்பொருள் திரவமாகாமலே ஆவியாகி, குளிர்ந்த இடத்தில் மீண்டும் திடமாய்ப் படிவதே பதங்கமாதல். கொதிநிலை 218 டிகிரியாக இருக்க, சாதாரண அறையின் வெப்பத்திலேயே நாப்தலீன் எங்ஙனம் ஆவியாகும் என்று மாணவர் ஐயுறலாம். விடை இதுவே: நாப்தலீன் மூலக்கூறுகளைப் படிகத்தில் ஒன்றோடொன்று பிணித்து நிற்கும் கவர்ச்சி வலிமை குன்றியது. சர்க்கரையிலும் உப்பிலும் உள்ள பிணிப்பு இதில் இல்லை. ஆகவே படிகத்தின் மேற்பரப்பிலுள்ள மூலக்கூறுகள் சில எப்பொழுதும் பிடிவிட்டுக் காற்றிற் கலந்துகொண்டே இருக்கும். மூடிய பெட்டியாயின் ஆவி ஓரளவில் நிறைந்து நின்றுவிடும். திறந்த இடமாயின் உருண்டை முற்றும் மறையும் வரையில் இச்செலவு நில்லாது.

இதனைக் காண விரும்புவோர், ஒரு பீங்கான் கிண்ணத்தில் மாசுபட்ட நாப்தலீன் சிறிது இட்டு, துளைகளிட்ட வடிதாளால் மூடி, அதன்மேல் ஒரு கண்ணாடிப் புனலைக் கவிழ்த்து, மெல்லிய சூட்டில் வைத்து நோக்குக. அழுக்கு கிண்ணத்திலே தங்க, புனலின் உட்புறத்தில் வெண்பனிபோன்ற தூய தகடுகள் படியும். மற்றொரு சோதனையும் நம் கல்லூரி மாணவர்க்குப் பழக்கமானதே. நாப்தலீனைச் சோதனைக் குழாயில் உருக்கி, குளிரும்பொழுது அரை நிமிஷத்திற்கொரு முறை வெப்பமானியை நோக்கிக் குறித்துவரின், உஷ்ணம் படிப்படியாய் இறங்கி 80 டிகிரியில் வந்ததும் அசையாது நிற்கும். எல்லாம் உறைந்து முடிந்த பின்னரே மீண்டும் இறங்கும். உறைநிலையில் வெளிப்படும் மறைவெப்பத்திற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கடையில் வாங்கும் வெள்ளுருண்டைகள் அனைத்தும் நாப்தலீன் அல்ல. கற்பூரமும் வெண்மை, பாரா-டைகுளோரோபென்ஸீன் என்னும் வேறொரு வஸ்துவும் வெண்மை. இவற்றைப் பிரித்தறிய அடர்த்தியே போதும். கற்பூரம் தண்ணீரில் மிதக்கும். நாப்தலீனின் அடர்த்தி 1.14 ஆதலின் தண்ணீரில் மூழ்கும். இனி, உப்பு மேலும் கரையாத அளவிற்குக் கரைக்கப்பட்ட நீரின் அடர்த்தி 1.2, அதில் நாப்தலீன் மிதக்கும், டைகுளோரோபென்ஸீனோ அதிலும் மூழ்கிப்போகும். ஒரு தம்ளர் நீரும் ஒரு பிடி உப்பும் கொண்டு அடுக்களையிலேயே செய்யத்தக்க சோதனை இது. மேலும், சில கடைகளில் நாப்தலீனை இரசகற்பூரம் என்ற பெயராலும் விற்பதுண்டு. வைத்திய நூல்களில் அப்பெயர் பாதரசம் சேர்ந்த ஒரு சரக்கைக் குறிக்கும். பெயரொற்றுமையால் மயங்கி ஒன்றை மற்றொன்றாகக் கொள்வது பேராபத்து.

ரசாயன குணங்கள்

நாப்தலீனின் எடையில் நூற்றுக்கு 93 பங்கிற்குமேல் கார்பனே. ஆதலின் இஃது எரியும்பொழுது சுடர் மஞ்சளாய் நின்று மிகுந்த புகைக்கரியைக் கக்கும். பிக்ரிக் அமிலத்தின் சாராயக் கரைசலோடு சேர்ந்து மஞ்சள் நிற ஊசிகளாய்ப் படியும். அவற்றின் உருகுநிலை சுமார் 150 டிகிரி. நாப்தலீனை அடையாளம் காண இதுவே பரிசோதனைச் சாலையில் கையாளும் வழி.

இதன் மூலக்கூற்றில் எட்டு ஹைட்ரஜன்களும் ஒரே தன்மையுடைய இடங்களில் இல்லை. இரு வளையங்களும் கூடும் சந்திக்கு அடுத்து நிற்கும் நான்கு இடங்களை ஆல்பா என்றும், அப்பால் நிற்கும் நான்கை பீட்டா என்றும் கூறுவர். கந்தகத் திராவகத்தோடு சுமார் 80 டிகிரியில் சூடேற்றின் திராவகத்தின் கூறு ஆல்பா இடத்திற் புகும். 160 டிகிரியில் சூடேற்றின் பீட்டா இடத்திற் புகும். ஆல்பா இடம் விரைவில் எட்டத்தக்கது. பீட்டா இடமோ நிலைபெற்று நிற்கத்தக்கது. குறைந்த சூட்டில் முந்தியது வெல்லும். மிகுந்த சூட்டில் நிலைத்தது வெல்லும். ஒரே பாத்திரத்தில், ஒரே சரக்குகளைக் கொண்டு, அடுப்பின் சூட்டை மாற்றுவதொன்றாலேயே இரு வேறு பொருள்கள் பெறப்படுவது ரசாயன சாஸ்திரத்தின் அழகிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. சாயத் தொழிலின் ஒரு பெரும் பகுதி இவ்வேற்றுமையின்மேல் நிற்கின்றது.

ஹைட்ரஜன் வாயுவைக் கிரியா ஊக்கியின் துணையால் ஊட்டினால் டெட்ராலின், டெக்காலின் என்னும் கரைப்பான் எண்ணெய்கள் ஆகும். பிராணவாயுவை ஊட்டினால் ஒரு வளையம் உடைந்து, மற்றொன்று நின்று, தாலிக் அன்ஹைட்ரைடு என்னும் வெண்பொருள் உண்டாகும். இதன் வரலாற்றைச் சிறிது விரிவாகக் கூறுவது பயனுடைத்து.

கைத்தொழிற் பயன்கள்

(1) நீலச் சாயம். அவுரிச் செடியை ஊறவைத்து எடுக்கும் நீலம் மிகப் பழங்காலந்தொட்டு இந்தியாவின் செல்வமாயிருந்தது. வங்காளத்திலும் பீகாரிலும் பெருந்தோட்டங்கள் இருந்தன. சென்னை மாகாணத்திலும் கடப்பை, தென்னார்க்காடு முதலிய ஜில்லாக்களில் அவுரி விளைந்தது. ஜெர்மானிய விஞ்ஞானி அடால்ப் வான் பேயர் 1880-இல் நீலத்தைச் சோதனைச்சாலையில் செய்து, 1883-இல் அதன் மூலக்கூற்று அமைப்பையும் கண்டார். ஆனால் அவர் முறை சந்தையில் அவுரியோடு போட்டியிடத்தக்க மலிவுடையதாக இல்லை. 1890-இல் ஹாய்மன் என்பவர் வேறு வழி கண்டார். அவ்வழிக்கு ஆந்த்ரானிலிக் அமிலம் வேண்டும். அதற்குத் தாலிக் அன்ஹைட்ரைடு வேண்டும். அதற்கோ மூலப்பொருள் குழாய்களை அடைத்துக் கிடந்த அந்நாப்தலீனே.

லுட்விக்ஸ்ஹாபன் நகரிலுள்ள பாடிஷ் கம்பெனியார் இம்முறையை மேற்கொண்டனர். நாப்தலீனைக் கந்தகத் திராவகத்தாற் சிதைத்துத் தாலிக் அன்ஹைட்ரைடாக்கும் படி மாத்திரம் மிகத் தாமதமாய் நடந்தது. அந்நாளில் ஸாப்பர் என்னும் ரசாயனரின் சோதனையில் வெப்பமானி உடைந்து பாதரசம் கலத்தில் விழ, வேலை வியக்கத்தக்க விரைவோடு முடிந்தது. திராவகத்தில் பாதரசம் கரைந்து உண்டான உப்பே கிரியா ஊக்கியாய் நின்றது என்று கண்டுகொண்டனர். உடைந்த கருவியைக் கண்டு வருந்துவதோடு நில்லாமல், காரணத்தை ஆராய்ந்தமையே அங்கு நிகழ்ந்த வெற்றி. ஏறக்குறைய 1 கோடியே 80 லட்சம் மார்க்குச் செலவிட்டபின், 1897-இல் செயற்கை நீலம் விற்பனைக்கு வந்தது.

அவ்வாண்டில் உலகில் செடியினின்று எடுக்கப்பட்ட நீலம் சுமார் 19,000 டன். 1914-இல் அது சுமார் 1,000 டன்னாகக் குறுகிற்று. இக்குறைவு தோட்ட முதலாளிகளோடு நின்றுவிடவில்லை. பீகாரில் சம்பாரண் ஜில்லாவின் குடியானவர்கள் இருபது கட்டா நிலத்தில் மூன்று கட்டாவைக் கட்டாயமாக அவுரிக்கு விடவேண்டும் என்ற நிபந்தனையால் முன்னரே நசுக்குண்டிருந்தனர். நீலம் விலை வீழ்ந்தபின் முதலாளிகள் அந்நிபந்தனையினின்று விடுதலை தருவதாகச் சொல்லிக் குத்தகையை உயர்த்தியும், நஷ்டஈடு எனத் தொகை வாங்கியும் தம் இழப்பைக் குடிகளின் தலையிற் சுமத்தினர். 1917-இல் காந்தியடிகள் அங்குச் சென்று குடிகளின் வாக்குமூலங்களைக் கேட்டெழுதியதும், 1918-ஆம் ஆண்டுச் சட்டம் அக்கட்டாயத்தை ஒழித்ததும் நாடறிந்த செய்தி. ரைன் நதிக்கரையில் ஒரு கலத்தில் நிகழ்ந்த மாற்றம், அதன் பெயரையும் கேட்டறியாத உழவன் வீட்டு உலைப்பானையைத் தீண்டியதை நாம் மறத்தலாகாது. பின்னர், 1901-இல் ப்ளேகர் என்பவர் அனிலீனை முதலாகக் கொண்டு கண்ட வேறொரு முறை நாப்தலீன் முறையையும் வென்றது. இயற்கை நீலமோ முற்றும் மாய்ந்திலது; திண்டிவனத்துப் பக்கத்தில் இன்றும் அவுரி பயிராகின்றது.

(2) பிற சாயங்கள். பீட்டா இடத்திற் கந்தகக் கூறு புகுந்த பொருளை எரிசோடாவுடன் உருக்கிப் பெறுவது பீட்டா-நாப்தால். அனிலீனைப் பனிக்கட்டியின் குளிரில் நைட்ரஸ் அமிலத்தோடு சேர்த்து, பீட்டா-நாப்தாலின் காரக் கரைசலில் ஊற்றியவுடன் செந்நிறம் பளிச்சிடுவதை நம் மாணவர் ஆண்டுதோறும் காண்கின்றனர். இம்முறையிலேயே துணியின் இழையினுள்ளே சாயத்தைப் பிறப்பிக்கலாம். கைத்தறி நெசவாளர் நாப்தால் சாயம் என்பது இவ்வழி வந்ததே. 1884-இல் வெளிவந்த காங்கோ சிவப்பும் நாப்தலீன் வழிப் பொருள் ஒன்றால் ஆயதே; படிகாரம் முதலிய துணைச்சரக்கு வேண்டாமலே பருத்தியிற் பற்றிய சாயம் என அது புகழ்பெற்றது.

(3) தாலிக் அன்ஹைட்ரைடின் வழிப் பொருள்கள். முதல் உலக யுத்த காலத்தில் ஜெர்மனியில் வோல் என்பவரும், அமெரிக்காவில் கிப்ஸ், கானோவர் என்போரும், நாப்தலீன் ஆவியைக் காற்றோடு கலந்து சூடான வனேடியம் ஆக்ஸைடின்மேற் செலுத்தித் தாலிக் அன்ஹைட்ரைடைச் செய்யும் வழி கண்டனர். திராவகம் வேண்டா, பாதரசமும் வேண்டா, காற்றே போதுமென்றாயிற்று. 1960-களுக்குப் பின்னர் பெட்ரோலியத்திற் கிடைக்கும் ஆர்த்தோ-ஸைலீன் இவ்விடத்தைப் பெரும்பாலும் பற்றிக்கொண்டது. எனினும் நாப்தலீன் வழியும் வழக்கிழந்துவிடவில்லை. இவ்வன்ஹைட்ரைடினின்றும் வண்ணப்பூச்சுகளுக்கு வேண்டும் ஆல்கிட் பிசின்களும், பிளாஸ்டிக்கை வளையச் செய்யும் எண்ணெய்களும் ஆகின்றன. காரத்திற் சிவந்தும் அமிலத்தில் நிறமிழந்தும் நம் கண்ணுக்கு வழிகாட்டும் பினால்ப்தலீன் இதனைக் கார்பாலிக் அமிலத்தோடு கூட்டிச் செய்யப்படுவதே. அதனை 1871-இல் ஆக்கியவரும் மேற்கூறிய பேயரே.

(4) கட்டடத் தொழில். நாப்தலீனின் கந்தகச் சேர்க்கையைப் பார்மால்டிஹைடுடன் இணைத்து ஆக்கும் ஒரு பொருளைக் காங்கிரீட்டில் மிகச் சிறிதளவு கலந்தால், சிமெண்டுத் துகள்கள் ஒன்றையொன்று பற்றித் திரளாமல் விலகி நிற்கும். அதனால் ஐந்தில் ஒரு பங்கு நீரைக் குறைத்தும் கலவை இளகி ஓடும்; நீர் குறையக் குறையக் காங்கிரீட்டின் உறுதி பெருகும். 1960-களில் ஜப்பானில் வழக்கிற்கு வந்த இம்முறை உலகெங்கும் பரவியது. இன்று புதிய சரக்குகள் இதனோடு போட்டியிடினும், நாப்தலீனின் மிகப் பெரிய செலவினங்களுள் இஃதொன்று. இதனை ஒத்த சேர்க்கைகள் தோல் பதனிடும் தொழிலிலும் பயன்படுகின்றன.

(5) பூச்சிகளை ஓட்டல். இப்பயனே மக்கள் நன்கறிந்தது. பட்டையும் கம்பளியையும் தின்பது பறக்கும் அந்து அன்று, அதன் புழுவே. மூடிய பெட்டியில் நிறைந்த நாப்தலீன் ஆவி அப்புழுவை வாழவொட்டாது. அவ்வாவி காற்றினும் நான்கு மடங்கிற்கு மேற்பட்ட கனமுடையது. ஆதலின் உருண்டைகளை அடியில் இடாமல், துணிகளுக்கு மேலே ஒரு சிறு பையில் கட்டிவைப்பதே முறை. பெட்டி இறுக மூடாதாயின் ஆவி தங்காது; பூச்சியும் சாகாது; அறையிலுள்ளோரே அதனை உட்கொள்வர்.

தீங்குகள்

இதுகாறும் பயன்களைக் கண்டோம். இனி மறுபக்கத்தை நோக்குவோம். முதலாவது, நாப்தலீனின் வழிப் பொருள்களால் வந்த கேடு. பிராங்பர்ட்டு நகரத்துச் சத்திர வைத்தியர் ரேன் என்பவர், சாய ஆலைத் தொழிலாளர் சிலருக்கு மூத்திரப் பையிற் புற்று உண்டாவதை 1895-இல் எடுத்துரைத்தார். இத்தகைய நோய்க்கு முக்கிய காரணங்களுள் ஒன்று பீட்டா-நாப்தைலமீன் என்பது பின்னர் விளங்கிற்று. ஹியூப்பர் என்பவர் 1938-இல் நாய்களைக் கொண்டு நிகழ்த்திய சோதனைகளால் அதனை நிலைநாட்டினார். பிரிட்டனில் 1967-இல் சட்டத்தால் இது விலக்கப்பட்டது. உடலிற் பிளவுபட்டு இத்தகைய நச்சமீன்களைத் தரத்தக்க சாயங்களை 1990-களில் ஜெர்மனியும் இந்தியாவும் தடை செய்தன. ரேன் அவர்களின் எச்சரிக்கைக்கும் பிரிட்டிஷ் சட்டத்திற்கும் இடையே எழுபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. அவ்விடைக்காலத்தில் அச்சரக்கைக் கையாண்டு உயிரிழந்த தொழிலாளர் பலர்.

1984 டிசம்பர் 2, 3 தேதிகளுக்கு இடைப்பட்ட இரவில் போபாலில் நிகழ்ந்த பேரழிவும் இங்கு நினைக்கத்தக்கது. அவ்வாலையில் செய்யப்பட்ட கார்பரில் என்னும் பூச்சிக்கொல்லியின் உறுப்புகள் இரண்டு: ஒன்று ஆல்பா-நாப்தால், மற்றொன்று மெதில் ஐசோசயனேட். ஆயிரக்கணக்கான உயிர்களைக் கவர்ந்த நச்சாவி பின்னதே, முன்னது அன்று. எனினும், கைத்தொழிற் பொருளொன்றை ஆராயுங்கால் அதனோடு கூட்டப்படும் துணைப்பொருளையும் ஆராயவேண்டும் என்பதை அவ்விரவு நமக்குக் கற்பித்தது.

இரண்டாவது, நாப்தலீனே நேராகச் செய்யும் கேடு. இது நம் இல்லங்களைச் சார்ந்ததாதலின் மிக உன்னிப்பாகக் கேட்கத்தக்கது. நமது இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களைப் பிராணவாயுவின் மிகைத் தாக்குதலினின்று காப்பதற்குக் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் ஒரு நொதி துணைபுரிகின்றது. உலகில் ஏறத்தாழ 40 கோடி மக்களுக்குப் பிறவியிலேயே இந்நொதி குறைவு. ஆண்மக்களிடத்தே இக்குறை மிகுதி. மலேரியாக் காய்ச்சல் நெடுங்காலம் நிலவிய நாடுகளில் இது பரந்து காணப்படும். நம் நாடும் அவற்றுள் ஒன்று. இக்குறையுடையோர் சாதாரணமாக நலமாகவே வாழ்வர். தம் குறையைத் தாமே அறியார். 1956-இல்தான் இக்குறையின் உண்மை கண்டறியப்பட்டது.

நாப்தலீன் உடலினுட் புகுந்தால், ஈரல் அதனை நாப்தாலாகவும் நாப்தோகுயினோனாகவும் மாற்றும். இவை சிவப்பணுக்களைத் தாக்கும்; காவலற்ற அணுக்கள் உடைந்து சிதறும். அங்ஙனம் உடைந்ததினின்று மஞ்சள் நிறப் பித்தப்பொருள் பெருகி மஞ்சட்காமாலை தோன்றும். பிறந்த சில நாட்களே ஆன குழவியின் ஈரல் அப்பித்தப்பொருளை வெளியேற்றும் வலிமை பெறாதது. ஆகவே அது மூளையில் ஏறி மாறாத ஊனத்தையோ மரணத்தையோ விளைக்கலாம். இத்தகைய குழவி உருண்டையை உண்ணவேண்டுவதில்லை. பாச்சை உருண்டைகளோடு நெடுநாள் பூட்டிவைத்த துணியில் அதனைச் சுற்றிக் கிடத்துவதே போதும். சுவாசத்தாலும் தோலாலும் நாப்தலீன் உட்புகும். நாப்தலீன் எண்ணெயிற் கரையும் என்று முன்னர்க் கூறினோம். எண்ணெய் தடவிய மேனியில் இதன் ஊடுருவல் மிகும் என மருத்துவர் எச்சரிப்பதன் காரணம் அதுவே. குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து நீராட்டி, பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த பழைய மெல்லிய துணியிற் பொதிவது நம் குடும்பங்களின் அன்பான வழக்கம். அவ்வன்பே அறியாமையோடு கூடினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும்.

உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சிக் கழகம் 2002-இல் நாப்தலீனை, மனிதர்க்குப் புற்று விளைத்தல் கூடும் என்னும் வகுப்பிற் சேர்த்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008 முதல் நாப்தலீன் உருண்டைகள் விலக்கப்பட்டுள்ளன. நம் நாட்டுக் கடைகளிலோ அவை தடையின்றிக் கிடைக்கின்றன. எனவே காவல் நம் கையில்தான் உள்ளது.

இல்லத்தார் கடைப்பிடிக்க வேண்டுவன

முதலாவதாக, குழந்தைகளின் ஆடை, போர்வை, தொட்டில் துணி ஆகியவற்றோடு இவ்வுருண்டைகளை ஒருபொழுதும் வைத்தலாகாது. பெரியோரின் பழந்துணியைக் குழவிக்குப் பயன்படுத்துவதாயின், அதனைச் சோப்பிட்டு வெளுத்து, மணம் அறவே நீங்கும்வரை வெயிலிலும் காற்றிலும் உலர்த்தியபின்னரே எடுக்கவேண்டும். மணம் இருக்குமளவும் நாப்தலீன் இருக்கின்றது என்பதே விதி.

இரண்டாவதாக, உருண்டைகளைத் திறந்த அலமாரிகளிலும், உறங்கும் அறைகளிலும், கைகழுவும் தொட்டிகளிலும் போடும் வழக்கத்தை விடவேண்டும். மிட்டாய் போன்ற அவற்றின் வடிவம் தவழும் பிள்ளையின் கையை இழுக்கும். பிள்ளை விழுங்கிவிட்டதாக ஐயம் தோன்றினாலும் காலந்தாழ்த்தாது வைத்தியசாலைக்குக் கொண்டு செல்க. எஞ்சிய உருண்டையையும் உடன் கொண்டு செல்க. கொழுப்பு இதனைக் கரைத்து உட்கொள்ளச் செய்யுமாதலின், வைத்தியர் சொல்லாமல் பாலோ எண்ணெயோ புகட்டலாகாது. தீங்கு உடனே வெளிப்படாமல் ஓரிரு நாட்கள் கழித்தும் தோன்றலாம். சிறுநீர் கறுத்தல், முகம் வெளிறுதல், கண் மஞ்சளித்தல் ஆகியவை அதன் அறிகுறிகள்.

மூன்றாவதாக, துணிகளைக் காக்க இவ்வுருண்டையின்றியும் வழியுண்டு. அந்தின் புழு வேர்வையும் கறையும் படிந்த துணியையே மிக விரும்பும். துவைத்து, நன்கு உலர்த்தி, தட்டி உதறி, இறுக மூடும் பெட்டியில் வைத்து, இடையிடையே எடுத்து வெயிற் காட்டிவரின் பெரும்பகுதி தொல்லை நீங்கும். நம் முன்னோர் ஆடிக்காற்றிலும் தைவெயிலிலும் பெட்டிகளைத் திறந்து உலர்த்தியது காரணமில்லாத சடங்கு அன்று.

முடிவுரை

நாப்தலீனின் வரலாற்றை ஒருவாறு கண்டோம். கழிவென்று எறியப்பட்ட கீலினின்று பிறந்தது, குழாய்களை அடைத்தது, ஆராய்ந்தோர் கையில் சாயமாகவும், பூச்சாகவும், பாலங்களைத் தாங்கும் காங்கிரீட்டின் துணையாகவும் ஆயிற்று. அதே பொருள் ஒரு தேசத்துக் குடியானவரின் வாழ்வைக் கலக்கியது. ஆலைத் தொழிலாளரின் உடலைச் சிதைத்த சரக்கிற்கும் தாயாயிற்று. ஒரு வஸ்துவிற்கு நல்லது என்றும் தீயது என்றும் இரு குணங்கள் இல்லை. படிகத்தைவிட்டு ஆவியாய்ச் செல்லும் குணம் ஒன்றே. அவ்வாவி புனலின் குளிர்ந்த சுவரை எய்தினால் தூய்மை, பெட்டியிலுள்ள புழுவை எய்தினால் பாதுகாப்பு, தொட்டிலிலுள்ள குழவியின் மூச்சை எய்தினால் நஞ்சு. எங்கே செல்லவிடுகின்றோம் என்பதே நம்மைப் பொறுத்தது.

ரசாயனப் பாடத்தில் உருகுநிலையும் கொதிநிலையும் பரீட்சைக்காக மாத்திரம் மனனம் செய்யப்படுமாயின், அவை பரீட்சை முடிந்த மறுநாளே நாப்தலீனைப்போல் மறைந்துபோம். நம்முள் ஒருவர் இவ்விடுமுறையில் தம் இல்லத்திற்குச் சென்று, குழந்தையின் துணிகள் வைத்த பெட்டியினின்று அவ்வெள்ளுருண்டைகளை எடுத்து அப்புறப்படுத்தி, அதன் காரணத்தைத் தாயார்க்கும் பாட்டியார்க்கும் அவர்கள் விளங்கிக்கொள்ளும் மொழியில் எடுத்துரைப்பாராயின், இப்பாடம் தன் பயனை எய்தியதாகும்.